கோமாளித் தலையின் இடப்பக்கம்

தனேஸ்வரி அன்று காலை பல் துலக்கிவிட்டு வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது கடைவாயில் வழிந்து சட்டையை நனைத்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து இன்னொரு தடவை கொப்பளித்தாள். அப்போதும் வழிந்தது. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். முகத்தின் வலது பாதி எப்போதும்போல இருந்தது. இடது பாதி, அவள் எதைச் செய்தாலும் கலந்துகொள்ளாமல் சும்மா இருந்தது. புருவத்தைத் தூக்கினாள், ஒன்றுதான் எழுந்தது. கண்ணை மூடினாள், இடது இமை பாதி வழியில் நின்றுகொண்டது.

"ஏங்க, இங்க வந்து பாருங்க," என்று கூப்பிட்டாள். 'பாருங்க' என்பதில் முதல் எழுத்து வரவில்லை. உதடு ஒட்டாததால் வெறும் காற்றாக வெளியேறியது.

அவள் கணவன் விமலன் அப்போதுதான் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடித்து வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். சொந்தப் பெரியப்பா ஒருவர் பக்கவாதத்தில் விழுந்து வருடக்கணக்காகக் கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவன் அவன். மனைவியின் முகத்தைப் பார்த்தான். கழற்றிய சப்பாத்தையே மறுபடி மாட்டிக்கொண்டு கார்ச் சாவியை எடுத்தான்.

கிளினிக்கில் இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். புருவத்தைத் தூக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார், இரண்டு கையையும் நீட்டிப் பிடிக்கச் சொன்னார். பிறகு மலாயில் நிதானமாக விளக்கினார். கையும் காலும் நன்றாக இருக்கின்றன. நெற்றியும் சேர்ந்து அசையாமல் நிற்பதால் இது மூளையில் வந்தது மாதிரித் தெரியவில்லை, காதுக்குப் பக்கத்தில் வருகிற முக நரம்பு வீங்கிப்போயிருக்கிறது. சந்தேகத்துக்கு மருத்துவமனையிலும் காட்டிவிடச் சொன்னார். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். மாத்திரையும், கண் காய்ந்துபோகாமல் இருக்கச் சொட்டு மருந்தும், தூங்கும்போது இமையை இழுத்து ஒட்டிக்கொள்ளப் பிளாஸ்திரியும் கொடுத்தார்கள். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் திரும்பிவிடும். சிலருக்கு மாதக்கணக்காகும். வெகு சிலருக்கு முழுசாக வராது.

"நான் அதுல எந்த வகை?" என்று தனேஸ்வரி கேட்டாள்.

அதைப் போகப் போகத்தான் சொல்ல முடியும் என்றார்கள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் விமலன், "ஒண்ணும் இல்லையாம் லா, ஒண்ணும் இல்லையாம்," என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே ஓட்டினான். தனேஸ்வரி கார்க் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பவில்லை.

அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. கோல சிலாங்கூர்ப் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அப்பா அவள் இடைநிலைப்பள்ளியில் இருந்தபோதே சர்க்கரை வியாதியில் போய்விட்டார். அம்மா புஷ்பவள்ளி மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் செம்பனைப் பழங்களைப் பொறுக்கும் வேலை செய்து அவளையும் தம்பி புவனேசனையும் வளர்த்தாள். பள்ளி முடித்ததும் தனேஸ்வரி ரவாங்கில் பேனர் அடிக்கும் கடை ஒன்றில் சேர்ந்தாள். காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி என்று ஊர்க்காரர்களின் முகங்களைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுவதுதான் அவள் வேலை. குடும்பப் படத்தில் கூட்டத்தோடு நின்றவரை இறந்த பிறகு தனியாகப் பிரித்து எடுத்து, பின்னால் மேகம் வைத்துக் கொடுப்பாள். ஆறேழு வருடம் அந்தக் கடையில் இருந்தாள். முதலாளி நல்லவர். ஆனால் முகங்கள் அலுத்துவிட்டன. படத்தில் கன்னம் பெரிதாக இருக்கிறது, மூக்கு கறுப்பாக இருக்கிறது என்று ஆட்கள் திரும்பத் திரும்ப வந்து நிற்பார்கள்.

கடையில் வேலை இல்லாத மதியங்களில் யூடியூப் பார்த்து முப்பரிமாண உருவங்கள் செய்யப் பழகினாள். முதலில் ஒரு மேசை. பிறகு ஒரு தகர வாளி. பிறகு தோட்டத்தில் பழம் ஏற்றும் லோரி ஒன்றை, சேறு படிந்த சக்கரத்தோடு, பின்கதவில் கட்டியிருந்த கயிறு வரைக்கும் செய்து இணையத்தில் போட்டாள். அந்த லோரியைப் பார்த்துத்தான் கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனி அவளைக் கூப்பிட்டது. விமலனைக் கட்டிக்கொண்டு புக்கிட் பெருந்துங்கில் வாடகை வீட்டுக்கு வந்த பிறகு, பின்னறையில் இருந்தபடியே வேலை. விளையாட்டில் வரும் ஆட்களைச் செய்ய வேறு ஆட்கள் இருந்தார்கள். தனேஸ்வரி பொருள்கள் மட்டும் செய்வாள். பீப்பாய், பெஞ்சு, பஸ் நிறுத்தம், சாமி மாடம், உடைந்த சைக்கிள். பொருள்கள் எதையும் குறை சொல்லாது என்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

"எம் பொண்ணு கம்ப்யூட்டர்ல சாமான் செய்யுது," என்று புஷ்பவள்ளி தோட்டத்தில் சொல்லிக்கொள்வாள். அந்தச் சாமானை எங்கே விற்கிறார்கள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

முகம் கோணிய வாரத்தில் அவள் கையில் இருந்தது ஒரு ஃபன்ஃபேர் கடை. ஊர் ஊராகப் போய்த் திடலில் கூடாரம் அடிக்கும் கேளிக்கைச் சந்தை ஒன்றில் நடக்கும் கதைதான் அந்த விளையாட்டு. சந்தையின் ஓரத்தில் பந்தெறிகிற கடை வரும். வாயைப் பிளந்துகொண்டு ஐந்து கோமாளித் தலைகள் வரிசையாக நிற்கும், இப்படியும் அப்படியும் திரும்பும். வாய்க்குள் பந்து விழுந்தால் பரிசு. கூரைத் துணி, பலகை, தொங்கும் பொம்மைகள் எல்லாவற்றையும் அவள் ஏற்கெனவே முடித்துவிட்டாள். தலைதான் பாக்கி.

ஒரு தலை செய்தால் போதும், அதையே ஐந்து முறை வைத்துக்கொள்ளலாம். திரையில் ஓர் உருண்டையை எடுத்து, அதன் மேலுள்ள புள்ளிகளை இழுத்தும் அழுத்தியும் நெற்றி, கன்னம், தாடை என்று கொண்டுவந்தாள். இந்த வேலையில் ஒரு வசதி உண்டு. பாதி முகத்தைச் செய்தால் போதும். மறுபாதியைக் கம்ப்யூட்டரே கண்ணாடியில் காட்டுவதுபோல் எதிர்ப்பக்கம் போட்டுக் கொடுத்துவிடும். நிறம் பூசும்போதும் அப்படியே. ஆரஞ்சுத் தோலை உரித்துத் தட்டையாக விரிப்பதுபோல உருவத்தின் மேற்பரப்பை விரித்து, அதன் மேல் சாயத்தையும் அழுக்கையும் தீட்டுவார்கள். இரண்டு பாதிக்கும் ஒரே தோல் என்றால் வேலையும் பாதி, கம்ப்யூட்டருக்குச் சுமையும் பாதி.

முடித்து அனுப்பிய மறுநாள், கலைப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் லிங்கேஸ்வரன் ஹெட்செட்டில் பேசினான்.

"தனே, ஷேப் எல்லாம் நல்லாருக்கு. ஆனா ரெண்டு கன்னத்துலயும் ஒரே கீறல், ஒரே எடத்துல."

"மிரர்லதான செஞ்சேன் அண்ணே. எல்லாத்துக்கும் அப்படித்தான செய்றோம்."

"பீப்பாய்க்குச் செய்யலாம். மூஞ்சின்னா கண்ணு உடனே கண்டுபுடிச்சிரும். இப்பத்தான் கடையில வாங்கி பிளாஸ்டிக்கப் பிரிச்ச மாதிரி இருக்கு. இது எத்தன வருசமா லோரியில உருண்டு வந்த சாமான். யோசிச்சுப் பாரு." பிறகு, "ஏன் உன் பேச்சு ஒரு மாதிரி இருக்கு? பல்லு கில்லு புடுங்குனியா?"

"ஆமாண்ணே," என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புவனேசன் தன் காரில் அம்மாவையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டு வந்தான். அத்தை என்பது செத்துப்போன அப்பாவின் அக்கா. குடும்பத்தில் நல்லது கெட்டது எதுவும் அவளைக் கேட்காமல் நடக்காது. உள்ளே நுழைந்ததும் தனேஸ்வரியின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள்.

"காத்து அடிச்சிருக்கு. தலைய நனைச்சிக்கிட்டு ஃபேனுக்கு அடியில படுத்தியா?"

"நரம்பு வீங்கியிருக்காம் அத்த."

"அதத்தான் நானும் சொல்றேன். காத்து உள்ள பூந்தா நரம்பு வீங்கத்தான செய்யும்."

புஷ்பவள்ளி கொண்டுவந்த மீன் குழம்பை அடுப்பில் வைத்துச் சூடாக்கினாள். மகள் சாப்பிடும்போது சோறு இடது கன்னத்துக்குள் ஒதுங்கி நின்றுவிடுவதையும், அவள் விரலால் தள்ளிக்கொள்வதையும் பார்த்துவிட்டு, வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

பேச்சு கல்யாணத்துக்கு வந்தது. புவனேசனுக்கு அடுத்த மாதம் ரவாங் மண்டபத்தில் கல்யாணம். பெண் நித்தியா, கெர்லிங்கில் வீடு. தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் பெண்ணுக்குப் பின்னால் விளக்கு ஏந்தி நிற்க வேண்டும். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் மீதி முடிச்சை அவள்தான் போட வேண்டும். தனேஸ்வரி அதற்கென்று பச்சைக் கரை போட்ட பட்டுச்சேலை ஒன்றை எடுத்து வைத்து வெகு நாளாகிறது.

"அதுக்குள்ள சரியாயிடுமா?" என்றாள் அத்தை.

"தெரியல அத்த."

"சரியாவலன்னா நம்ம மோகனா நிக்கட்டும். அவளும் தங்கச்சி மொறதானே. ஒனக்கும் செரமம் இல்ல. மேடையில வீடியோக்காரன் மூஞ்சிக்கு நேரா லைட்டப் புடிப்பான்."

மோகனா அத்தையின் மருமகள். விமலன் எழுந்து போய்க் காருக்குத் தண்ணீர் அடிக்க ஆரம்பித்தான்.

கிளம்பும்போது புவனேசன் பின்தங்கி வாசலில் நின்றான். இவளைவிட நாலு வயது சின்னவன். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடத்துக்கு இவள்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போவாள்.

"அக்கா, ஒனக்குக் கஷ்டமா இருந்தா சொல்லிரு. யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

"எனக்குக் கஷ்டம் இல்ல. ஒனக்கு?"

அவன் கார்ச் சாவியை விரலில் சுற்றினான். "எனக்கு என்னா," என்றான். பிறகு, "பொண்ணு வீட்டுல புதுசா பாக்குறவங்க ஏதாச்சும் சொல்லுவாங்களேன்னுதான்," என்றான்.

"சரி, போய்ட்டு வா," என்றாள் தனேஸ்வரி. கதவைச் சாத்திவிட்டு வந்து, எச்சில் தட்டுகளைக் கழுவினாள். அதற்குப் பிறகு கல்யாணம் வரைக்கும் அவள் தம்பிக்கு ஃபோன் செய்யவில்லை. அவனும் செய்யவில்லை.

வேலை மட்டும் நிற்கவில்லை. பழைய கோமாளித் தலை நிஜத்தில் எப்படி இருக்கும் என்று பார்க்க அவள் இணையத்தில் தேடினாள். கிடைத்த படங்களெல்லாம் வெளிநாட்டில் எடுத்தவை, துடைத்து வைத்தவை. தஞ்சோங் காராங்கில் வயலை ஒட்டிய திடலில் ஃபன்ஃபேர் போட்டிருப்பதாக விமலனின் கூட்டாளி ஒருவன் சொன்னான். சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் போனார்கள். தனேஸ்வரி முகத்தில் மாஸ்க் போட்டிருந்தாள். மாஸ்க் போட்டவளை யாரும் திரும்பிப் பார்க்காத காலம் என்பது ஒரு சௌகரியம்.

கோமாளித் தலைகள் அங்கே இருந்தன. பைபரில் செய்தவை. அவள் கடை ஓரமாகக் குனிந்து ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது கடைக்காரச் சீனர் எழுந்து வந்து, நகராட்சி ஆளா என்று மலாயில் கேட்டார். விமலன் இல்லை என்று சொல்லி, மனைவியின் வேலையை விளக்கப் பார்த்தான். கம்ப்யூட்டருக்குள் இப்படி ஒரு கடை வைக்கிறாள் என்றான். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. விளையாடினால் படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். தனேஸ்வரி எறிந்த பந்துகள் எல்லாம் வெளியே போயின. விமலன் ஒன்றை உள்ளே போட்டு ஒரு பிளாஸ்டிக் விசில் வாங்கினான்.

எறிந்துகொண்டிருந்தபோதே அவள் கவனித்துவிட்டாள். வலதுகைக்காரர்கள்தான் அதிகம் எறிகிறார்கள், தவறிய பந்து பெரும்பாலும் ஒரே பக்கத்துக் கன்னத்தில்தான் போய் மோதுகிறது. அந்தக் கன்னத்தில் சாயம் பெயர்ந்து, சிவப்புக்கு அடியில் ஆரஞ்சும் அதற்கு அடியில் ஏதோ காலத்து நீலமும் தெரிந்தன. கீழுதடு பந்து உரசி உரசி வழவழத்துப் பளபளத்தது. ஒரு தலையின் தாடை எப்போதோ உடைந்து, ஒட்டுப் போட்டு, வெயிலில் இளகி ஒரு பக்கமாகத் தொங்கியது. மறுபக்கம் ஒரு சேதமும் இல்லாமல், புதிது மாதிரி சிரித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தலையின் எதிர்ப்பாதியை விடுவித்தாள். இனி ஒரு பக்கம் செய்வது மறுபக்கத்தில் வராது. இடப்பக்கத்தைத் தொங்கவிட ஆரம்பித்தாள். ஆனால் தொங்கும் முகம் எப்படித் தொங்கும் என்பது திடலில் எடுத்த படங்களில் சரியாகப் பிடிபடவில்லை. வெளிச்சம் போதவில்லை. வாயோரத்தைக் கீழே இழுத்தால் கோமாளி அழுகிறவன்போல ஆனான். கன்னத்தையும் சேர்த்து இழுத்தால் கிழவன் ஆனான்.

மறுநாள் மதியம் விமலன் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் ஃபோனை எடுத்து ஜன்னலோரம் போய் நின்று தன் முகத்தைப் படம் எடுத்தாள். நேராக ஒன்று, முக்கால் திருப்பி ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. வாயைத் திறந்து ஒன்று, சிரித்து ஒன்று. முகம் கோணிய நாளிலிருந்து கண்ணாடியைப் பாதிப் பார்வையில் தாண்டிப் போய்க்கொண்டிருந்தவள்தான். இப்போது பார்ப்பது வேலையாகிவிட்டது. வேலைக்கு என்றால் அவளால் எதையும் பார்க்க முடியும். படங்களைப் பக்கத்துத் திரையில் பெரிதாகப் போட்டாள்.

இடது புருவம் கொஞ்சம் தாழ்ந்து, நெற்றிக் கோடுகள் அந்தப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டன. கண் வலதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. கீழிமை தளர்ந்து உள்சிவப்பைக் காட்டியது. மூக்கிலிருந்து வாய்க்கு இறங்கும் கோடு இடப்பக்கம் துடைத்துவிட்டதுபோல இல்லை. வாய் கீழே தொங்குவதைவிட, நல்ல பக்கம் அதை இழுத்துக்கொண்டு போயிருந்தது என்பதுதான் சரி. அவள் செய்துகொண்டிருந்த தவறு அங்கே இருந்தது. தொங்கவிட வேண்டியது ஒரு பக்கம் என்றாலும், இழுக்க வேண்டியது மறுபக்கம். அப்படிச் செய்தபோது கோமாளி முதல்முறையாக யாரையோ பார்ப்பவன்போல ஆனான்.

அன்றும் அடுத்த நாளும் சாயம். அடியில் நீலம், அதன்மேல் ஆரஞ்சு, அதன்மேல் சிவப்பு. பந்து படும் இடத்தில் ஒவ்வொன்றாக உரித்தாள். கீழுதட்டுக்கு அடியிலும் காது மடிப்பிலும் புழுதி. தாடை ஒட்டில் மஞ்சள் பிசின் வழிந்து இறுகிய தடம். எங்கே கை படுகிறதோ அங்கே மினுமினுப்பு, எங்கே மழை படுகிறதோ அங்கே மங்கல்.

விமலன் காப்பியோடு உள்ளே வந்தான். திரையைப் பார்த்தான். பக்கத்துத் திரையில் இருந்த படங்களைப் பார்த்தான்.

"தனே, இது நீ."

"இல்லங்க. கோமாளி."

"எனக்குத் தெரியாதா? இந்தப் பக்கம் அப்படியே நீ." காப்பியை மேசையில் வைத்தான். "வேணாம். மாத்திரு."

"ஏன்?"

"எவனெவனோ ஒக்காந்து ஓம் மூஞ்சியில பந்த எறிவானுங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

"மூஞ்சியில எறிஞ்சா பாயிண்டு இல்லங்க. வாய்க்குள்ள போனாத்தான்."

அவன் சிரிக்கவில்லை. "இதெல்லாம் வெளையாட்டா ஒனக்கு," என்றான்.

"வெளையாட்டுதான. வெளையாட்டுக் கம்பெனி." பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "இத இப்படி உக்காந்து பாக்குறப்போ எனக்குப் பயம் இல்லைங்க. குளியலறையில பாத்தாத்தான் பயமா இருக்கு. வுட்டுருங்க."

விமலன் கதவுப் பக்கம் திரும்பினான். போகும்போது, "காப்பி ஆறிரும். ஸ்ட்ராவ மறந்துட்டேன், எடுத்துட்டு வர்றேன்," என்றான்.

லிங்கேஸ்வரனுக்குத் தலை பிடித்துப்போனது. ஆனால் இரண்டு பாதிக்கும் தனித்தனித் தோல் என்பதால் சுமை இரட்டிப்பாகிறதே என்று கவலைப்பட்டான். அதற்கு அவள் வழி வைத்திருந்தாள். ஐந்து தலைக்கும் ஒரே வார்ப்பு, ஒரே தோல். மேல்சாயத்தின் நிறம் மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு. திரும்பும் வேகத்தையும் மாற்றிவிட்டால் ஐந்தும் ஒன்று என்பது தெரியாது. அவன் சரி என்றான்.

"இந்த இழுப்பு எங்க புடிச்ச? ரெஃபரன்ஸ் இருந்தா குடு, மத்தவங்களுக்கும் காட்டுறேன்."

தனேஸ்வரி கொஞ்சம் யோசித்துவிட்டு, அதுவரை அணைத்தே வைத்திருந்த கேமராவைப் போட்டாள்.

லிங்கேஸ்வரன் திரைக்கு அருகில் குனிந்தான். "எப்போருந்து?" என்று கேட்டான். சொன்னாள். "பல்லுன்னு சொன்ன." "ஆமாண்ணே." "லீவு எடுத்திருக்கலாம் லா." "எடுத்து என்னா செய்யறது. வீட்டுல உக்காந்து கண்ணாடியத்தான் பாத்துக்கிட்டு இருந்திருப்பேன்." அவன் தலையாட்டினான். மற்றவர்களுக்குக் காட்ட வேண்டாம் என்றான். காட்டினாலும் பரவாயில்லை என்றாள் அவள். அப்புறம் இருவரும் டிக்கெட் விற்கும் கூண்டைப் பற்றிப் பேசினார்கள்.

கல்யாண நாளில் முகம் பாதி திரும்பியிருந்தது. புருவம் லேசாக அசைந்தது. சிரித்தால் மட்டும் வாய் ஒரு பக்கமாக ஓடியது. இடது கண் முழுசாக மூடவில்லை. பச்சைக் கரைச் சேலையைக் கட்டிக்கொண்டு தனேஸ்வரி மண்டபத்துக்குப் போனாள். யாரிடமும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

அவள் மேடை ஏறியபோது நித்தியாவுக்குப் பின்னால் விளக்கோடு மோகனா நின்றிருந்தாள். அத்தை ஏற்பாடு செய்துவிட்டிருந்தாள். அம்மா புஷ்பவள்ளி மேடையின் ஓரத்தில் தாம்பாளத்தைப் பிடித்தபடி மகளையே பார்த்தாள். வேண்டாம் என்று தலையசைக்கவில்லை, போ என்றும் அசைக்கவில்லை. மேளக்காரர்கள் அய்யர் கையைத் தூக்கக் காத்திருந்தார்கள்.

தனேஸ்வரி சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மோகனாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"குடு," என்றாள்.

மோகனா தன் மாமியாரைத் தேடினாள். அத்தை கீழே யாரையோ உபசரித்துக்கொண்டிருந்தாள். "நான் கேக்கவே இல்லக்கா, அத்ததான் கையில திணிச்சாங்க," என்று சொல்லி, சுடுகிற பாத்திரத்தைக் கைமாற்றுவதுபோல விளக்கைக் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

புவனேசன் நெருப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தானா என்பது அவளுக்குத் தெரியாது. மேளம் உயர்ந்தது. அவன் முதல் முடிச்சைப் போட்டான். தனேஸ்வரி விளக்கை அம்மாவிடம் நீட்டிவிட்டுக் குனிந்து மீதி இரண்டையும் போட்டாள். அவள் விரல்களுக்கு அது சுலபமான வேலை. வீடியோக்காரன் விளக்கொளியை அவள் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தான். ஹோமப் புகை சுருண்டு மேலே வந்தது. மூட முடியாத இடது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. இரண்டு கையும் தாலிக் கயிற்றில் இருந்ததால் துடைக்க முடியவில்லை. அது கன்னத்தில் இறங்கி, தாடையிலிருந்து சொட்டி, நித்தியாவின் தோளில் விழுந்தது.

"தம்பி கல்யாணத்துல அக்கா எப்படி அழுவுது பாரு," என்று முன்வரிசையில் ஒரு பெண் சொன்னது அவள் காதில் விழுந்தது. பெண் வீட்டுக்காரர்கள் சிலர் தாங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவளுடைய வலது கண் காய்ந்தே இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

கல்யாணம் முடிந்து புதுத்தம்பதிகள் விருந்துக்கு வந்தபோது தனேஸ்வரி ஆட்டுக்கறி சமைத்திருந்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் நித்தியா பின்னறையை எட்டிப் பார்த்து, "அண்ணி, இதுலயா வேல செய்றீங்க? வெளையாடலாமா?" என்று கேட்டாள். அப்போது விளையாட்டு வெளிவரவில்லை. வேலைக்காக வைத்திருந்த பாதி முடிந்த வடிவம்தான். தனேஸ்வரி பந்தெறியும் கடையைத் திறந்து கொடுத்தாள். நித்தியா இரண்டாவது பந்தையே வாய்க்குள் போட்டுவிட்டு, அடுத்த தலைக்குப் போனாள். புவனேசன் பின்னால் நின்று பார்த்தான். அவனுக்குக் கோமாளியின் முகத்தில் எதுவும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

"வீடியோ வந்துருச்சுக்கா," என்றான். "தாலி கட்டுறப்ப ஒன்ன ரொம்ப நேரம் காட்டுறான்."

"அப்படியா."

"நீ அழுதியே, அத." அவன் நித்தியா பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நான் அத நாலஞ்சு தடவ பாத்துட்டேன். நீ எம்மேல கோவமா இருப்பன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

அவன் மேல் அவளுக்குக் கோபம் இருந்தது. அந்த நேரத்திலும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. புகைதான் என்று சொல்ல வாயெடுத்தாள். அவன் அவளுடைய முகத்தை, இரண்டு பக்கத்தையும், நேராகப் பார்த்துக்கொண்டு நின்றான். வாசலில் அன்று பேசியபோது அவன் அப்படிப் பார்க்கவில்லை.

"சரி, சாப்பிட வாங்க," என்றாள். "கறி ஆறிப்போச்சு."

விளையாட்டு சில மாதங்கள் கழித்து வெளிவந்தது. சுமாராகப் போனது. பந்தெறியும் கடையைக் கண்டுகொள்ளாமல் கடந்து போகிறவர்கள்தான் அதிகம். அது கதைக்குத் தேவையில்லாத மூலை. தனேஸ்வரியின் முகமும் ஏறக்குறைய திரும்பிவிட்டது. சாப்பிடும்போது மட்டும் இடது கண் தானாகச் சுருங்கும். நரம்பு வளரும்போது வழிமாறிப் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். புஷ்பவள்ளி அதைக் கோயில் கோயிலாகச் சொல்லி வேண்டிக்கொள்கிறாள். அத்தையோ, எல்லாம் சரியானது அன்று தான் தேய்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன எண்ணெயால்தான் என்கிறாள். அந்த எண்ணெய்ப் புட்டி திறக்காமல் அலமாரியில் இருக்கிறது.

இப்போது அவள் செய்துகொண்டிருப்பது ஒரு படகுத்துறை. பலகைகள், கட்டைகள், கட்டைகளில் ஒட்டிய சிப்பிகள். அலை ஏறி இறங்குவதால் மரத்தில் எந்த உயரம் வரைக்கும் பாசி படியும் என்று பார்த்துவர, அடுத்த வாரம் விமலனுக்கு லீவு கிடைத்ததும் கோல சிலாங்கூருக்குப் போவதாக இருக்கிறாள்.